ரிமார்க்ஸ் காலம்

சிவகாசியில் ஒரு அச்சகத்து ஆபீஸ். எங்கள் ஜாப் ஷீட் எக்ஸெல்லில் இருக்கிறது. பார்ட்டி, சைஸ், எண்ணிக்கை, பிளேட், லேமினேஷன், டெலிவரி எல்லாம் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும். கடைசிக் காலம் ரிமார்க்ஸ். அடங்காத கதையெல்லாம் அங்கேதான் வந்து குவியும்.

*

போன சீசனில் ஒரு ஜவுளிக்கடைக்கு 2,000 காலண்டர். ரிமார்க்ஸில் ஆறு வரி. முருகன் படம் வள்ளி தெய்வானையோடு, கடைப்பெயர் சிவப்பில், இப்படிப் போய் ஆறாவது வரியில்: 'பழைய செல் நம்பர் வேண்டாம், புதுசு போடவும்.' ஷீட் லட்சணமாக இருக்கட்டும் என்று யாரோ எல்லா வரிசையையும் ஒரே உயரத்துக்கு இழுத்து வைத்திருந்தார்கள். திரையில் தெரிந்தது இரண்டு வரி, பிரிண்ட் எடுத்ததிலும் அதே இரண்டு வரி.

"ஷீட்ல இல்லையேண்ணே" என்றான் டிசைன் தம்பி.

இருந்தது. 2,000 அட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினோம்.

*

ராப் டெக்ஸ்ட் போட்டால் வரிசை தானாக உயரும். ஒருமுறை கையால் இழுத்துவிட்டால் அதோடு சரி, பிறகு உயராது. கட்டங்களை மெர்ஜ் செய்தாலும் இதே கதை. ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்து கொள்ளும்; ஆனால் வரிசை 409 பாயிண்டுக்கு மேல், அதாவது ஆறு அங்குலம்கூட, உயராது. குதிர் பெரிது, வாய் சின்னது.

எல்லாவற்றையும் விரித்துவிடலாம். அப்புறம் திரையில் மூன்று ஜாப்தான் நிற்கும். நாற்பதையும் ஒரு பார்வையில் பார்க்கத்தானே அட்டவணை?

மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டில் குறிப்பு இருந்தால் வரிசை ஓரத்தில் சின்னத் தாள் படம் வரும். மவுஸை வைத்தால் விரியும். நல்ல ஏற்பாடுதான். மிஷின்மேன் கையில் மவுஸ் ஏது?

*

சிரிப்பு என்னவென்றால், நாங்கள் அடிக்கிற சரக்கே இதற்கு விடை. மாதக் காலண்டர் கட்டத்துக்குள் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம். அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை, விடுமுறைக்குச் சிவப்பு. விரதமும் முகூர்த்தமும் கட்டத்துக்கு வெளியே தனிப் பட்டியல். தினசரிக் காலண்டர் தாளில் ராசிபலனைப் பாருங்கள்: லாபம், பயணம், செலவு. பன்னிரண்டு ராசிக்காரர்களின் ஒரு நாள் பன்னிரண்டு சொல்லில் முடிந்தது. இதைச் செய்த கம்போசிங்காரர்கள் யாரும் மென்பொருள் படித்தவர்கள் இல்லை.

*

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு லேபிள் கொடுக்கப் போனேன். அறை வாசலில் பெயிண்டில் அறை எண், ஆள் எத்தனை, மருந்து எத்தனை கிலோ. 2008 வெடிபொருள் விதிகள் ஒரு தடிமனான புத்தகம். சுவருக்கு வந்தது இந்த மூன்று வரி. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு, இந்த எழுத்தை என்னால் படிக்காமல் கடக்க முடிவதில்லை.

*

இப்போது ரிமார்க்ஸை வரிசைக் கடைசியிலிருந்து எடுத்துவிட்டோம். பார்ட்டி பெயருக்கு அடுத்தே 'கவனம்' என்று ஒரு காலம். நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. நீளமானதெல்லாம் தாளாக ஜாப் கவருக்குள் போகிறது.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிடும். ஆர்டர் கொடுப்பவர்கள் முருகனைப் பிறகு சொல்லலாம். நம்பர் மாறியிருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.