விடுபடாத தொழுகை

பிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தூய்மையைப் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. அப்பாடத்தில் ‘ஹைள்’ எனப்படும் மாதவிலக்குக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. மாதவிலக்கின் குறைந்த அளவு ஷாபிஈ மத்ஹபில் ஒரு பகலும் ஓர் இரவும். மிகுந்த அளவு 15 நாள்கள். ஹனஃபி மத்ஹபில் அவை முறையே 3 நாள்களும் 10 நாள்களும் ஆகும். இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் குறைந்தது 15 நாள்கள். அதன் மிகுதிக்கோ எல்லை இல்லை என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபட்டு நிற்கின்றனர். முப்பது ஆண்டுகளாக இதனை நாம் ஓதிக் கொடுத்து வருகிறோம். இந்த இறுதிச் சட்டத்தை ஒரு முறை பொருந்தாத இடத்தில் எடுத்துச் சொல்லிவிட்டோம். அதனை எழுதிவைப்பது நம் கடமை எனத் தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நம் தங்கை வந்திருந்தாள். நெடுநேரம் வேறு செய்திகளைப் பேசிவிட்டு, எழுந்து புறப்படும் வேளையில், “காக்கா, மகள் நாலு மாசமாத் தொழுகையை விடவே இல்லை” என்றாள். நம் வீட்டுப் பெண்கள் இச்செய்தியை இவ்வாறுதான் மூடிச் சொல்வர். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நான்கு திங்களாக விலக்கு வரவில்லை என்பது அதன் பொருள். அது நமக்கு விளங்காமல் இல்லை. “தூய்மைக்கு மேலெல்லை கிடையாது. தொழுகையும் கூடும், நோன்பும் கூடும். கவலைப்படாதே” என்றோம். அவள் தலையசைத்துப் போய்விட்டாள். சட்டம் சரியே. ஆனால் அவள் கேட்டது சட்டம் அன்று. மகளின் உடலைப் பற்றிய அச்சத்தை அல்லவா நம்மிடம் கொண்டுவந்திருந்தாள்!

அப்பெண்ணுக்கு நிக்காஹ் நடந்தது. மூன்று ஆண்டுகள் குழந்தை இல்லை. பின்னர்ப் பல நாள்கள் நில்லாத உதிரப்போக்கு வந்தபோது, மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர்களில் நாமும் ஒருவர். ஸ்கேன் எடுத்த அம்மையார், இது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்றும், கருப்பையின் உட்படலம் அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது என்றும் கூறி, சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். “மூன்று மாதம் தாண்டியபோதே வந்திருக்கலாமே!” என்று அவர் வருந்தியபோது, தங்கை நம் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனை முடிவு வரும்வரை நம் குடும்பம் உறங்கவில்லை. அது புற்றுநோய் அன்று என்று முடிவு வந்தது, அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் கவனியாது விட்டால் அவ்வழியில் செல்லக்கூடிய நிலை என்றார் அம்மையார். புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை ஆறு மாதம் உட்கொண்ட பின், மறு சோதனையில் உட்படலம் இயல்புக்குத் திரும்பியிருந்தது.

அவர் விளக்கியதை நம் சகோதரிகளும் அறிய வேண்டும். 1935இல் அமெரிக்க மருத்துவர்களான ஸ்டீன், லெவென்தால் ஆகிய இருவர் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்த இக்கோளாறு, இன்று பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. தமக்கு இது இருப்பதை அறியாதவர்களே அவர்களுள் மிகுதி. சினைப்பையில் காணப்படும் நீர்ப்பைகள் கட்டிகள் அல்ல; முழுதும் வளராமல் நின்றுவிட்ட முட்டைப்பைகள். முட்டை வெளிப்படாதபோது புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் மட்டும் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போகிறது. மாதந்தோறும் உதிர்ந்து வெளியேற வேண்டியது உள்ளேயே தடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் புற்று தோன்றலாம்.

இக்கோளாறு உடையவர்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றின் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. உடற்பருமனும் நீரிழிவும் அதனை மேலும் கூட்டும். எனினும் இவர்களுள் பெரும்பாலோருக்கு அந்நோய் வருவதே இல்லை. மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் இதனால் மிகுவதாகத் தெளிவான சான்றும் இல்லை. ஆகவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அசட்டையாக இருக்கவும் கூடாது. பூப்பெய்திய முதலாண்டில் ஒழுங்கு தவறுவது இயல்பு. அதன் பின்னர், கருவுறுதலோ பாலூட்டலோ இன்றி 90 நாள்கள் கடந்தும் விலக்கு வராவிடில் மருத்துவரை நாட வேண்டும். முகத்தில் மயிர் அரும்புவதும், ஓயாத பருக்களும், காரணமின்றிப் பெருக்கும் உடலும் உடனிருப்பின் தாமதமே கூடாது. உடல் எடையைச் சிறிது குறைப்பதாலேயே பலருக்கு விலக்கு சீராகிறது. அல்லாதார்க்கு எளிய மருந்துகள் உள்ளன. மாதவிலக்கு முற்றும் நின்றுபோன மூதாட்டிக்கு மீண்டும் உதிரம் கண்டால், ஒரு துளியாயினும் காட்டியே ஆக வேண்டும்.

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நில்லாத உதிரப்போக்கு இருப்பதை அண்ணலாரிடம் (ஸல்) நேரில் வந்து கேட்டார்கள். அது மாதவிலக்கு அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று பெருமானார் பிரித்துக் காட்டினார்கள். தொழுகைக்கான சட்டமும் உடலின் நிலையும் அங்கே ஒருசேரச் சொல்லப்பட்டன. அந்த ஹதீஸை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்த நாம், தங்கைக்கு அதில் ஒரு பாதியை மட்டுமே சொன்னோம்.

இப்பொழுது ஹைள் பாடத்தில் அந்தச் சட்டத்தை எட்டும்போது சற்றே நிறுத்துகிறோம். “தொழுகைக்கு எல்லை இல்லை; உடலுக்குத் தொண்ணூறு நாள் எல்லை உண்டு. உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்கிறோம். மாணவர்கள் தலைகுனிந்தபடி எழுதிக்கொள்கிறார்கள். தங்கை மகள் இன்றும் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறாள். அவளுக்கும் அவளைப்போன்ற செல்வியர்க்கும் வல்ல நாயன் பூரண நலம் அருள்வானாக! ஆமீன்.