ஒரு பக்க மெய்க்கீர்த்தி

புள்ளலூர்ப் போரில் வென்றது யார்? எந்தச் சாசனத்தைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பெரும்பகைவர்களை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. 634-ல் ரவிகீர்த்தி எழுதிய ஐஹோளே கல்வெட்டோ, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துகொண்டான் என்கிறது. இரு தரப்பும் தமக்கு ஏற்றதை எழுதி, ஏறுக்குமாறானதை விட்டுவிட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களின் ரெஸ்யூமேயைத் திருத்துவதே வேலையாக இருக்கும் ஒருவரிடம் இரண்டையும் நீட்டினால், ஐஹோளேயைத்தான் மேலே வைப்பார். எதிராளி யார், செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

அந்தப் புள்ளலூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கிருந்தோ உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்திலிருந்தோ ஒருவர் பி.இ. முடித்து, வங்கிக் கடன் வாங்கி, எம்.எஸ். படிக்க அமெரிக்காவுக்கு விமானம் ஏறினால் இப்போது யாரும் வியப்பதில்லை. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படிப்பிலும் படிப்புக்குப் பிந்தைய பயிற்சி வேலையிலும் இருந்த இந்தியர்கள் 3,31,602 பேர் என்கிறது ஓப்பன் டோர்ஸ் அறிக்கை. அந்த ஆண்டுதான் இந்தியா சீனாவை முந்தி மீண்டும் முதலிடத்துக்கு வந்தது.

இவர்களில் பெரும்பாலோர் ஆகஸ்டில் போய் இறங்குகிறார்கள். நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து மேசை போட்டு ஆள் தேடும் பெரிய கேரியர் ஃபேர்கள் செப்டம்பரில். வாடகை அறைக்கு மெத்தை வாங்கி முடிப்பதற்குள், அடுத்த கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான ஆள்தேடல் தொடங்கிவிடுகிறது. மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகுதான் பொதுவாக வெளி நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்க்க முடியும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு மே மாதம் அந்த ஆண்டு நிறைவடைகிறது. அந்த மே மாதத்து வேலைக்குப் பேச்சு நடப்பது செப்டம்பரில். ஆகவே, ரெஸ்யூமேயை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி கட்டுகிறவர் முதல் சந்தையைத் தவறவிடுகிறார். ஊறுகாய்க்கும் பிரஷர் குக்கருக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியை அந்த ஒரு தாளுக்குக் கொடுக்கலாம்.

நம்மூர் பயோடேட்டா எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே பாஸ்போர்ட் அளவுப் படம். தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், திருமண நிலை, தெரிந்த மொழிகள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கும் கட்டம் போட்ட அட்டவணை. பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி, இடம், நாள், கையெழுத்து. அமெரிக்காவில் இந்தத் தாளைக் கையில் வாங்கும் சீனியர் சொல்லும் முதல் வார்த்தை அநேகமாக இதுதான்: “தம்பி, போட்டோவைத் தூக்கு. அப்பா பேரையும் அந்த டிக்ளரேஷனையும் சேத்துத் தூக்கு.”

அழகுக்காகச் சொல்வதில்லை அது. வயது, இனம், மதம், பாலினம் பார்த்து ஆளெடுப்பது அங்கே சட்டப்படி வழக்குக்கு இடம் கொடுக்கும் செயல். அதனால் அந்த விவரங்கள் கண்ணில் படாமலிருப்பதையே நிறுவனங்கள் விரும்புகின்றன. தாளின் அளவுகூட வேறு. நாம் பழகிய ஏ4 அங்கே இல்லை. அகலம் சற்றுக் கூடி, உயரம் சற்றுக் குறைந்த லெட்டர் அளவு. ஊரில் ஏ4-க்கு அமைத்த ஒரு பக்கத்தை அங்கே அச்செடுத்தால், கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடக்கூடும். மாணவருக்கு ஒரு பக்கம் என்பது அங்கே எழுதாத சட்டம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ரெக்ரூட்டர்களின் கண்ணசைவைக் கருவி வைத்து அளந்து 2018-ல் சொன்ன கணக்கு, முதல் பார்வைக்கு ஒரு ரெஸ்யூமேக்குக் கிடைப்பது சராசரி 7.4 விநாடி.

கடினமான வேலை நீக்குவதில் இல்லை, நிரப்புவதில் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் நிறைந்திருப்பதால், காஞ்சிபுரம் பக்கத்து மாணவர்கள் பலருக்கு ஏதோ ஒரு கம்பெனியில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் அனுபவம் இருக்கும். அதை “இன்ன கம்பெனியில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றேன்” என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். பெற்றது பயிற்சி, சரி. கொடுத்தது என்ன? வெல்டிங் பிரிவில் நின்று எந்தக் குறை அடிக்கடி வருகிறது என்று குறித்திருந்தால், எத்தனை துண்டுகளைப் பார்த்தார், குறையை எப்படி வகைப்படுத்தினார், சூப்பர்வைசர் அதை வைத்து எதை மாற்றினார் என்று எழுதலாம். கடைசியாண்டு புராஜெக்டை நான்கு பேர் சேர்ந்து செய்திருந்தால், அதில் தன் கை பட்ட பகுதி எது என்று எழுதலாம். “நாங்கள்” என்று சொல்லிப் பழகிய வாய்க்கு “நான் செய்தேன்” என்பது தற்பெருமையாகத் தோன்றும். கூச்சம் நல்ல குணம்தான். ஆனால் எதிரே நிற்பவர் அந்தக் கூச்சத்தை, இவர் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது என்றே படித்துக்கொள்வார்.

அடுத்து, பெயர். இனிஷியல் போட்டு வளர்ந்தவருக்கு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ரெக்ரூட்டரின் மின்னஞ்சல் அப்பாவை விளித்து வரும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் பெயருக்கு ஒரு விலை உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவரே தமிழர். தமிழ்நாட்டு விவசாயக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1980-ல் சிறுவனாக லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த செந்தில் முல்லைநாதன்தான் அவர். மரியன் பெர்ட்ராண்டுடன் சேர்ந்து பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அவர் அனுப்பினார். தகுதியில் வேறுபாடில்லை, சிலவற்றில் வெள்ளையர்கள் வைத்துக்கொள்ளும் பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர். முதல் வகைக்குப் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு. இரண்டாம் வகைக்குப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. 2004-ல் ஆய்வு வெளியானது. பின்னர் கனடாவில் ஃபிலிப் ஓரியோபவுலஸ் இதே முறையில் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களை வைத்துச் செய்த சோதனையிலும் ஆங்கிலப் பெயர்களுக்கே கூடுதல் அழைப்பு.

இதைப் படித்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வேலைக் கடிதம் எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் அதைவிடப் பெரிய தலைவலி. ஆனால் இணைய வழி போகும் ரெஸ்யூமேக்கு முகம் கிடையாது, பெயர் மட்டும்தான். முகத்தோடு போய் நிற்க முடிகிற ஒரே இடம் கேரியர் ஃபேர். அதன் அருமை அங்கேதான்.

நம் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கூட்டம் முதலில் திகைப்பாக இருக்கும். இங்கே பிளேஸ்மென்ட் அலுவலர் கம்பெனியை அழைத்துவருவார். பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். தேர்வு, குழு விவாதம், நேர்காணல் என்று வரிசையாக நடக்கும். அங்கே அப்படிக் கைபிடித்து நடத்த ஆளில்லை. இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ‘இண்டஸ்ட்ரியல் ரவுண்ட்டேபிள்’ என்ற பெரிய ஃபேரைப் பொறியியல் மாணவர் மன்றமே நடத்துகிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் மாணவர் மன்றம்தான் நடத்துகிறது. மேசைகள், பதாகைகள், கோட் சூட்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். கூகுள் போன்ற பெயர்களின் முன்னால் வளைந்து வளைந்து வரிசை. அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, “இணையத்தில் விண்ணப்பியுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு திரும்புவது பலருக்கும் நேர்வது.

அனுபவப்பட்ட சீனியர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள். வரும் நிறுவனங்களின் பட்டியல் பெரும்பாலும் மாணவர்களுக்கான வேலைவாய்ப்புத் தளமான ஹேண்ட்ஷேக்கில் முன்கூட்டியே வந்துவிடும். இந்தத் தளம் பிறந்த கதையும் பொருத்தமானதே: பெருநகரங்களிலிருந்து வெகுதொலைவில், ஹௌட்டன் என்ற சிற்றூரில் இருக்கும் மிச்சிகன் டெக் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 2014-ல் தொடங்கியது அது. பட்டியலைப் பார்த்து, மிகவும் வேண்டிய கம்பெனியிடம் முதலில் போகக் கூடாது. அவ்வளவாக ஆசையில்லாத இரண்டு மேசைகளில் பேசி நாக்கைப் பழக்கிக்கொண்டு, பிறகு போக வேண்டும். பேசக் கிடைப்பது அரை நிமிடம். அதில் பெயர், படிப்பு, செய்த ஒரு வேலை, அந்தக் கம்பெனியில் எந்தப் பிரிவு வேண்டும் என்பது வரை வந்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: இப்போதோ பின்னாலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் வேண்டியிருக்குமா? பல பேச்சுகள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

புள்ளலூர் இருக்கும் அதே மாவட்டத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இந்த வடிகட்டலின் பழைய வடிவம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய, ஊர் வாரியங்களுக்குக் குலுக்கலில் ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள். முதலில் தகுதி: வரி கட்டும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய உறவினருக்கும் இல்லை. இந்த வடிகட்டலைத் தாண்டியவர்களின் பெயர்களே குடத்துக்குள் போயின. எச்-1பி விசாவும் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவந்தது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர் அதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல். ஆனால் குடத்துக்குள் பெயரைப் போட ஒரு நிறுவனம் வேண்டும். அந்த நிறுவனத்தைத் தேடித்தான் ஃபேர்.

எனவே வடிகட்டலை மாணவரே முதலில் செய்துவிடுவது நல்லது. பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களையே எடுக்கும். அங்கே நிற்பது வீண். எந்த நிறுவனம் எச்-1பி கேட்டிருக்கிறது என்ற விவரத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறையும் குடியேற்றத் துறையும் பொதுவில் வெளியிடுகின்றன. ஃபேருக்கு முந்தைய வாரம் பட்டியலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல் துறையினருக்கு மேலும் 24 மாதம் நீளும். ஆனால் அதற்கு நிறுவனம் அமெரிக்க அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். இது தெரியாத ரெக்ரூட்டர்களும் உண்டு. “மூன்று ஆண்டுகள் உங்கள் தரப்பில் விசாச் செலவு இல்லாமல் என்னால் வேலை பார்க்க முடியும்” என்று பதறாமல் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த கேள்வி வர வாய்ப்பிருக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்து எல்லோரையும் கலக்கியது. அமெரிக்காவுக்குள் மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அடுத்த மாதமே விளக்கியது. அந்த விளக்கத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டிய காலம் இது.

இந்த நெருக்கடியில்தான் போலி அனுபவம் விற்கும் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். ஐந்தாண்டு வேலை பார்த்ததாக ரெஸ்யூமே எழுதித் தருவார்கள். நேர்காணலில் பின்னாலிருந்து பதில் சொல்ல ஆள் வைப்பார்கள். அகப்பட்டால் வேலை மட்டும் போகாது, விசாவும் போகும். சொந்தப் போரை மிகைப்படுத்திப் பாடுவதாவது மன்னர்களின் மெய்க்கீர்த்தி மரபு. நடக்காத போருக்குக் கல்வெட்டு வெட்டக் கூடாது.

ஃபேர் முடிந்த அன்று இரவே, பேசியவர்களுக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புவது வழக்கம். எதைப் பற்றிப் பேசினோம் என்பது அதில் இருந்தால் அவருக்கு ஆள் நினைவுக்கு வரும். செப்டம்பரில் ஒன்றும் அமையாதவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் வசந்தப் பருவத்தில் இன்னொரு ஃபேர் உண்டு. அளவில் சிறியது, வரிசைகளும் குட்டை. மாணவர் மன்றங்கள் நடத்தும் ஃபேர்களில் மேசை போடவும், ரெக்ரூட்டர்களின் பெட்டிகளைத் தூக்கிவரவும், வழிகாட்டவும் தொண்டர்கள் தேவைப்படுவார்கள். ஊர்த் திருவிழாவில் பந்தல் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு அது புதிதல்ல. காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு வரும் ரெக்ரூட்டருக்கு முதலில் அறிமுகமாவது அந்தத் தொண்டர்தான்; அப்போது அங்கே வரிசையும் இருக்காது.