கடல் இல்லாத ஊரில் ஒரு தொட்டிக் கடல்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது. பரீட்சை, லேப், சோம்பேறித்தனம்னு காரணம் ஆயிரம். உண்மையான காரணம் வேற. தப்பு என்னோடது. அதை எழுத கொஞ்சம் கூச்சம்.

நான் இருக்கறது பாசல். ரைன் நதி ஓடுது, ஆனா கடல் கிடையாது. சுவிட்சர்லாந்துக்கே கிடையாது. இந்த ஊர்ல எனக்கு மாசத்துல ரெண்டு தடவையாவது சோறு போடற ஒரு ஈழத்து அண்ணன் இருக்கார். சொந்த ஊர் மயிலிட்டி. 1990-ல ஊரே இடம்பெயர்ந்தப்போ கிளம்பினவர். துறைமுகத்தை 2017-ல தான் திரும்ப விட்டாங்க. அடுத்த வருஷமே போய்ப் பார்த்துட்டு வந்தாராம். "வீடு இல்லை தம்பி, கிணறு மட்டும் கிடக்கு" என்பதோட அந்தப் பேச்சு முடிஞ்சிடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுட்டு இருக்கும்போது கேட்டார்: "தம்பி, நீர் கெமிஸ்ட்ரி தானே படிக்கிறீர்? வீட்டுக்குள்ள கடல் தண்ணி செய்யேலுமோ?"

நான் காரைக்குடிக்காரன். கடல்னா தொண்டியில ரெண்டு தடவை கால் நனைச்சதுதான் அனுபவம். ஆனா வாயில குழம்பு இருக்கும்போது "முடியாது"ன்னு சொல்ல வருமா? "செஞ்சுடலாம்ணே"ன்னுட்டேன்.

அவர் கேட்டது சின்ன கண்ணாடி ஜாடி இல்ல. பெரிய மீன் வேணும். களவாய் வேணும். அதுவும் ஹாலுக்கு நடுவுல, நாலு பக்கமும் நின்னு பார்க்கற மாதிரி. இங்கதான் சுவிஸ் சட்டம் குறுக்க வந்துது. 2008-ல வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள்ல மீனுக்கும் இடம் இருக்கு. தொட்டியோட ஒரு பக்கமாவது மறைவா இருக்கணும், பகல் இரவு மாறணும். இயற்கையில ஒரு மீட்டருக்கு மேல வளர்ற மீன்னா, கன்டோன் அனுமதி வாங்கணும். களவாய் இனத்துல பல வகை அந்த அளவைத் தாண்டிடும். "மீனுக்கும் பெர்மிட்டோ! எனக்குக் கிடைக்கவே எத்தினை வருசம்"னு சிரிச்சார். சிரிப்புன்னு தான் நெனைக்கிறேன்.

அப்புறம் கணக்கு. ரெண்டு மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம். மொத்தம் 980 லிட்டர். தண்ணி மட்டுமே ஒரு டன் பக்கம். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் தனி. இங்க வீட்டுத் தரையைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோங்கற கணக்குல வடிவமைக்கிறாங்க. அது அறை முழுக்கப் பரவின பாரத்துக்கு. நம்ம தொட்டி நிக்கறதோ ஒண்ணரை சதுர மீட்டர் கூட இல்லாத இடத்துல. ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டி, பாரம் தாங்கற சுவரை ஒட்டி வச்சோம். மறைவுப் பக்கமும் அதோட முடிஞ்சுது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

உப்பு விஷயத்துல அண்ணிக்கும் எனக்கும் ஒரு பட்டிமன்றமே நடந்துது. "கடையில கிலோ உப்பு எவ்வளவு மலிவு, ஏன் இந்த வாளி உப்பு?"ன்னு கேட்டாங்க. சாப்பாட்டு உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல்ல கரைஞ்சிருக்கற உப்புல அது சுமார் 85 சதவீதம்தான். மீதியில மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கு. அது இல்லாம தூத்துக்குடியே கொண்டு வந்து கொட்டினாலும் கடல் ஆகாது. லிட்டருக்கு 35 கிராம். பாறை போக 900 லிட்டர் தண்ணிக்கு 31 கிலோவுக்கு மேல. குழாய்த் தண்ணிய நேரா ஊத்தாம ஆர்.ஓ. வடிகட்டியில விட்டு எடுத்தோம். சொட்டு சொட்டா வரும். தொட்டி நிறைய அஞ்சு நாளாச்சு. சமையலறை வழியா ஓடின டியூபைத் தாண்டித் தாண்டி அண்ணி நடந்ததை நெனச்சா இப்பவும் பயமா இருக்கு.

அடுத்தது பொறுமைப் படலம். புதுத் தொட்டியில உடனே மீனை விட்டா அதோட கழிவுல வர்ற அமோனியாவே அதைக் கொன்னுடும். அமோனியாவை நைட்ரைட்டாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா பாறையிலயும் மணல்லயும் குடியேறணும். அதுங்களுக்கும் சாப்பாடு வேணும்ல? ஒரு இறாலைப் போட்டு அழுக விட்டேன்.

"உந்த நல்ல றாலை அழுகப் போட்டிட்டு, நாளைக்குக் குழம்புக்கு என்னத்தைப் போடுறது?" - அண்ணி.

தினமும் டெஸ்ட் கிட்ல நிறம் பார்ப்பேன். முதல்ல அமோனியா ஏறிச்சு, இறங்கிச்சு. பிறகு நைட்ரைட் ஏறிச்சு, இறங்கவே மாட்டேன்னுச்சு. ஆறாவது வாரம் ரெண்டுமே பூஜ்யம். பரீட்சையில பாஸானப்போ கூட அப்படிக் குதிச்சதில்ல :-)

முதல் மீனா கிளாத்தி வந்துது. பிக்காசோன்னு இங்க பேர் வச்சிருக்காங்க, முகத்துல யாரோ பிரஷ்ஷால கோடு இழுத்த மாதிரி இருக்கும். அதிகபட்சம் 30 செ.மீ. வளரும், அனுமதி தேவையில்ல. ராத்திரி பாறை இடுக்குல நுழைஞ்சு முதுகு முள்ளைத் தூக்கிப் பூட்டிக்கிட்டுத் தூங்கும். யார் இழுத்தாலும் வராது. அண்ணன் அதுக்கு நண்டுக் கால் ஊட்டுவார். எங்களுக்குக் கூட அவ்வளவு சதையுள்ள கால் கிடைச்சதில்ல. தனி 100 லிட்டர் தொட்டியில நாலு வாரம் வச்சுப் பார்த்துட்டுத்தான் பெரிய தொட்டிக்கு மாத்தினோம். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

ரெண்டாவது மீன்ல தான் சறுக்கினேன்.

ஒரு கடையில வெளிர் நீல உடம்பு, கறுப்பு முகம், முதுகுல மஞ்சள் துடுப்போட ஒரு மீன். பவுடர் புளூ டாங். கீழ ஒட்டின சீட்டுல "ஸ்ரீலங்கா"ன்னு இருந்துது. அண்ணன் அந்தச் சீட்டையே பார்த்துட்டு நின்னார். மீனைப் பார்க்கவே இல்ல. பணத்தைக் கட்டிட்டார். எனக்குத் தெரியும், வெண்புள்ளி நோய்க்கு இந்த மீன் பேர் போனதுன்னு. நாலு வாரம் தனியா வைக்கணும்னும் தெரியும். ஆனா அந்த வாரம் எனக்குப் பரீட்சை. தனித் தொட்டியைத் திரும்பத் தயார் பண்ண நேரமில்ல. "பரவால்லண்ணே, ஆரோக்கியமாத்தான் இருக்கு, நேரா விட்டுடலாம்"னு ஃபோன்ல சொன்னது நான்.

ஒன்பதாம் நாள் உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. அந்த ஒட்டுண்ணியைக் கொல்ற தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில ஊத்த முடியாது, பாறையில இருக்கற நத்தை, புழு எல்லாம் போயிடும். தனித் தொட்டிக்கு ரெண்டையும் மாத்தினோம். நீல மீன் ரெண்டாம் நாள் போயிடுச்சு. கிளாத்தி தப்பிச்சிடுச்சு.

அண்ணன் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "அவ்வளவு தூரம் வந்து, இஞ்சை வந்து செத்துப்போச்சு" என்றார். அவ்வளவுதான். அன்னிக்கு அங்க சாப்பிடாம கிளம்பினேன்.

ஒட்டுண்ணி பட்டினியில சாகணும்னா பெரிய தொட்டி ரெண்டரை மாசம் மீனே இல்லாம ஓடணும். விளக்கு எரியும், பம்பு ஓடும், உள்ள ஒண்ணும் இருக்காது. வெட்கத்தோட ஒரு நாள் போனா, அண்ணன் அதுக்கு முன்னால நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். "இஞ்சை வாரும்" என்றார். பாறையிலிருந்து மெல்லிசா ஒரு கை நீண்டுது. நூல் மாதிரி நட்சத்திர மீன். கூட ஒரு புழு, கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சு மாதிரி ஏதோ துள்ளுது. மீன் இருந்தப்போ இதெல்லாம் வெளியவே வந்ததில்ல.

பாசல் விலங்குக்காட்சிச்சாலை ஓட்சேயானியம்னு பெரிய கடல் காட்சியகம் கட்டப் பார்த்துது. 2019 மே மாசம் வாக்கெடுப்புல மக்கள் வேண்டாம்னுட்டாங்க. கடல் மீனைப் பிடிச்சு இவ்வளவு தூரம் கொண்டு வரணுமாங்கறது எதிர்த்தவங்க வச்ச வாதங்கள்ல ஒண்ணு. அண்ணன் அப்போ "வேணும்"னு போட்டவர், தோத்ததுல ரொம்ப நாள் கோவம். அன்னிக்கு அதே பேச்சு வந்துது. "இப்ப எண்டா என்ன போட்டிருப்பன் எண்டு தெரியேல்லை தம்பி" என்றார்.

ரெண்டரை மாசம் கழிச்சு கிளாத்தி வீடு திரும்பிடுச்சு. வந்ததும் முதல் வேலையா அந்த நட்சத்திர மீனோட ஒரு கையைக் கடிச்சுது, அது வேற கதை. இன்னொரு மீன் வாங்கலாமான்னு நான் கேட்கல, அவரும் கேட்கல. களவாய் பேச்சே இல்ல. ஆனா அந்த "ஸ்ரீலங்கா" சீட்டு மட்டும் தொட்டிக்கு மேல ஒட்டியிருக்கு. எப்போ கடையில கேட்டு வாங்கினார்னு தெரியல.

நாளைக்கு ஞாயிறு. தண்ணி மாத்தற நாள். நான் உப்பு கலக்கணும், அண்ணி சொதி வைக்கறாங்களாம். போய்ட்டு வர்றேன்.