ஓயாமல் ஓடும் ஒரு சொல்

மூன்றே எழுத்துக்களாலான ‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாத காலம் உழைத்து, வினைச்சொல்லாக மாத்திரம் 645 பொருள்களை வகுத்திருக்கிறார் என்று வாசித்தபோது எனக்குப் பிரமிப்பே உண்டாயிற்று. நதி ஓடுவதும், சளி பிடித்த மூக்கு ஒழுகுவதும், நனைத்த துணியில் சாயம் போவதும், கடை நடத்துவதும், கம்ப்யூட்டரில் புரோகிராம் இயங்குவதும் ஆங்கிலம் பேசுவோருக்கு ஒரே கிரியைதான். அமெரிக்கத் தேர்தலில் ‘ஓடுகிற’ அபேட்சகர் பிரிட்டனில் நிதானமாக ‘நிற்கிறார்’. இவ்விஷயத்தில் நாம் பிரிட்டிஷாரின் கட்சி!

அதே அகராதியின் 1989-ஆம் வருஷத்துப் பதிப்பில் 430-க்கு மேற்பட்ட பொருள்களோடு முதலிடம் வகித்த ‘செட்’ என்னும் சொல் பின்னர் ‘ரன்’னிடம் தோற்றுப்போயிற்று. யந்திர யுகத்தின் இயக்கங்களையெல்லாம் ‘ரன்’னே சுவீகரித்துக்கொண்டதுதான் அதற்குக் காரணமென்பது என் அபிப்பிராயம். நாம் எண்ணும் கிரிக்கெட் ‘ரன்’ பெயர்ச்சொல்லாதலால் இந்தக் கணக்கில் சேராது.