வருகிறவர்களின் கொழும்பு

பம்பலப்பிட்டியில் வீடு இருப்பவர்களுக்கு விருந்தாளி வராத மாதம் இருக்காது. காத்தான்குடி, மன்னார், அக்குறணை என்று எங்கிருந்து வந்தாலும், பையை வைத்துத் தேநீர் குடித்ததும் "எங்க போவம்?" என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே கொழும்பை அல்ல.

மாமிமாருக்குக் கொழும்பு என்றால் புறக்கோட்டைதான். கெய்சர் வீதியில் புடவை, செட்டியார் தெருவில் நகை. விலை பேசிக் களைத்த பிறகு, 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலின் முன்னால் ஒரு படம். சிறுவர்களுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. என் வயதுப் பிள்ளைகளுக்கு மஜஸ்டிக் சிட்டி. அங்கே ஒன்றும் வாங்காமலே அரை நாள் போய்விடும். வாப்பாவின் சிநேகிதர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் நூதனசாலைக்குப் போவார். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்புச்சி மரைக்கார் என்பதையும், கூலிக்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டபோது வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைக்கச் சொன்னாராம் என்ற கதையையும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இப்னு பதூதா 1344இல் இங்கு வந்தபோது, செரண்தீப்பின் மிக அழகான, பெரிய நகரங்களில் ஒன்று என்று கொழும்பைக் குறித்து வைத்தார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாக வந்த கவிஞர் பாப்லோ நெரூடாவோ, பக்கத்து வெள்ளவத்தையில் கடலோர வீடொன்றில் தனிமையில் வாடினார். அடுத்த வீட்டில் எங்கள் மாமிமாரில் ஒருவர் இருந்திருந்தால் அந்தக் குறை தீர்ந்திருக்கும்!

ஆனால், பார்க்க வருபவர்களை விட வேலையாக வருபவர்களே அதிகம். கடவுச்சீட்டு, விசா, விமான நிலையம், வைத்தியசாலை. காத்தான்குடிச் சாச்சி அப்படித்தான் வருவார். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய முன் வந்து சேர்ந்து, சுபஹ் தொழுதுவிட்டு மஹரகமவுக்குப் போவார். பின்னேரம் திரும்பியதும் படுத்துவிடுவார். எங்கேயும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டதே இல்லை.

போன முறைதான் கேட்டார். "நம்மட கடல்ல சூரியன் எழும்புறதத்தான் பாத்திருக்கன். விழுறத ஒருநாளும் கண்டதில்ல மகள்."

நாங்கள் நாளாந்தம் பார்த்து அலுத்த ஒன்றை ஒருவர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. காலிமுகத்திடல் வரை போக அவருக்குச் சக்தியில்லை. மெரைன் டிரைவுக்கு மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். தண்டவாளத்துக்கு அப்பால் கடல். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் ஒன்று, வாசலில் ஆட்கள் தொங்க, குறுக்கே போய் மறைத்தது. சாச்சி கழுத்தை நீட்டிப் பார்த்தார். ரயில் போனபோது சூரியன் பாதிதான் மிச்சமிருந்தது. அதுவும் போன பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். "ஊருல இதுக்குள்ள மஃரிப் தொழுது முடிச்சிருப்பாங்க" என்றார். உண்மைதான், அங்கே சில நிமிடங்கள் முந்தியே பொழுது பட்டுவிடும்.

அடுத்த கிளினிக் ஜூனில். அப்போது இந்தப் பக்கம் மழைக்காலம், மேகம் மூடியிருக்கும் என்று வாப்பா சொன்னார்.

"ரெண்டு நாள் நிண்டு பாப்பம்" என்றார் சாச்சி. அதுவரை வந்த அன்றிரவே பஸ் ஏறுபவர் அவர்.