நடையும் வேண்டும், பாரும் வேண்டும்

"இந்த வயசுல இரும்பு தூக்கறீங்களாமே?" என்று கடந்த இரண்டு மாதத்தில் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் குரலில் கவலை, மீதிப் பேர் குரலில் சிரிப்பு. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 68 வயது. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. எங்கள் ஊரில் பார் தூக்குவது அதிசயமே இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம் வாங்கினார். நான் தூக்குவது 15 கிலோ. ஆகவே ஒப்பீடு வேண்டாம்!

ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். சர்க்கரை, பிரஷர் இரண்டும் கட்டுப்பாட்டில் இருப்பதற்கு அந்த நடைதான் காரணம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடை சொல்லித் தராத ஒன்று இருக்கிறது என்பது இரண்டு வருடத்துக்கு முன்பு தெரிந்தது.

ஒரு நாள் என் மனைவி குளியலறை வாசலில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. தானாக எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் வெளியூர். நான் பின்னால் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நிற்கவைத்து, தாங்கிப் பிடித்து நடத்திக் கட்டிலில் உட்காரவைத்தேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன்தான். பத்து நிமிடம் பேச மூச்சு இல்லை. "என்னங்க, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?" என்று விழுந்தவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி., டிரெட்மில் எல்லாம் பார்த்தார். இதயம் நன்றாகவே இருந்தது. "நடை ஒரே சீரான வேலை. ஒரு ஆளைத் தூக்குவது கால், இடுப்பு, முதுகு, கை எல்லாம் இடைவெளி இல்லாமல் செய்கிற வேலை. அந்தப் பழக்கம் உங்கள் உடம்புக்கு இல்லை" என்றார். வாரத்தில் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை என்றும் சொன்னார்.

எங்கள் தெருவில் பளு தூக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "அப்போ காம்ப்ளெக்ஸ் பண்ணுங்க பெரியப்பா" என்றான். எனக்குத் தெரிந்தது ஷாப்பிங் காம்ப்ளெக்ஸும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும்தான். அவன் பொறுமையாக விளக்கினான்.

விஷயம் எளிது. ஒரே பார், ஒரே எடை. நாலைந்து பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டும். கடைசிப் பயிற்சி முடியும்வரை பாரைக் கீழே வைத்து ஓய்வெடுக்கக் கூடாது. அவ்வளவுதான். இதைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் இஸ்த்வான் யாவொரெக். ருமேனியாவில் பளுதூக்கும் பயிற்சியாளராக இருந்து, பிறகு அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் பயிற்சி தந்தவர்.

நான் செய்கிற வரிசை இது. தரையிலிருந்து பாரை இடுப்புவரை தூக்கி நிமிர்வது ஆறு முறை. முன்னால் குனிந்தபடியே பாரை வயிற்றை நோக்கி இழுப்பது ஆறு முறை. தொடையிலிருந்து தோளுக்கு ஏற்றுவது ஆறு. தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்துவது ஆறு. கடைசியாகப் பாரைப் பிடரிக்குக் கீழே, தோளில் வைத்துக்கொண்டு பஸ்கி மாதிரி உட்கார்ந்து எழுவது ஆறு. மொத்தம் முப்பது. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இப்படி நான்கு சுற்று.

கால் ஓய்ந்தால் முதுகு, முதுகு ஓய்ந்தால் தோள் என்று பெரிய தசைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. இதயத்துக்கு மட்டும் ஓய்வு கிடைப்பதில்லை. எல்லா இடத்துக்கும் அதுதானே ரத்தம் அனுப்பவேண்டும்! அதனால்தான் லேசான எடையிலேயே மூச்சு வாங்குகிறது. ஓடாமலே ஓடிய பலன். முழங்காலுக்கு ஓட்டத்தின் அதிர்ச்சியும் இல்லை.

முதல் மூன்று வாரம் வெறும் மூங்கில் கம்புதான். சிரிக்காதீர்கள், கம்பிலேயே எனக்கு வியர்த்தது. பிறகு 10 கிலோ பார். ஆறு மாதம் கழித்து 15 கிலோ. ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ என்று பையன் சொன்னது என் மனைவி காதில் விழுந்துவிட்டது. "உங்களுக்கு லேடீஸ் பார்தானா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். முப்பது முறை, 15 கிலோ, நான்கு சுற்று: கூட்டிப் பார்த்தால் 1,800 கிலோ. சிமெண்ட் மூட்டைக் கணக்கில் 36 மூட்டை. இதைச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் அவளுக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தபின் முதல் சில வாரம் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, ராத்திரியில் இரண்டு தடவை என்று தாங்கி எழுப்பவேண்டியிருந்தது. ஆள் வைக்கலாம் என்று மகன் போனில் சொன்னான். அவளுக்கு இஷ்டமில்லை, கூச்சப்பட்டாள். நானே செய்தேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து எழுப்புவேன். பாரைத் தரையிலிருந்து எடுக்கும் அதே முறைதான். களைப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளும் மூச்சு இளைத்து உட்காரவில்லை. அவளும் டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்கவில்லை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் டாக்டரைப் பாருங்கள். பிரஷர், இதய நோய், குடலிறக்கம், முதுகுவலி, சமீபத்தில் கண் ஆபரேஷன் என்று எது இருந்தாலும் அவர் சரி என்று சொல்லாமல் தொடவேண்டாம். யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காமல், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் சட்டென்று ஏறும். தூக்கும்போது வெளியே விடுங்கள். தலைக்கு மேல் எவ்வளவு சிரமமில்லாமல் உயர்த்த முடியுமோ, அதுதான் எல்லாப் பயிற்சிக்கும் எடை. சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது. அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், பேசிப் பாருங்கள். சுற்று முடிந்ததும் திக்கித் திக்கியாவது ஒரு வாக்கியம் வரவேண்டும். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் பார். மற்ற நாளெல்லாம் நடை. சந்தேகம் இருப்பவர்கள் அந்த இரண்டு நாளில் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்கு வரலாம். கம்பு ஒன்று தயாராக இருக்கிறது. காபி நான்காவது சுற்றுக்குப் பிறகுதான்.