பெட்ரோல் காசு

அடுத்தவருடைய பயணப்படி பில்லைச் சரிபார்ப்பதுதான் அலுவலகத்தில் என் வேலை. ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு அறுபது என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிடுவேன். “அவர் மேஜைக்குப் போனா பத்து ரூபா கூட தப்பாது” என்று என்னைப் பற்றிப் பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதே நான், என் காரில் கூட வந்த மூன்று பேரிடம் பெட்ரோல் காசு என்று சொல்லி வருடக்கணக்கில் அதிகமாக வாங்கினேன். கணக்கு தெரியாமல் வாங்கவில்லை, நன்றாகத் தெரிந்தே வாங்கினேன்.

எங்களுக்கு அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்துப் பேரூராட்சி. வேலை விழுப்புரத்தில். ஒரு நடை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நான் கார் வாங்கியதும் எங்கள் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர், ஒரு பெரியவரும் ஒரு தம்பியும், ஊரிலேயே ஏறிக்கொண்டார்கள். மேடம் ஒருவர் பாதி வழியில் ஏறுவார். “சும்மா வர்றது நல்லா இருக்காது சார், பெட்ரோலை ஷேர் பண்ணிக்கலாம்” என்று முதலில் சொன்னது அவர்கள்தான். எவ்வளவு என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கணக்குப் பிரிவுக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அது 2022 ஏப்ரல். நாலரை மாதம் அசையாமல் இருந்த பெட்ரோல் விலை மார்ச் 22-ஆம் தேதி ஏற ஆரம்பித்து, பதினைந்து நாளுக்குள் பத்து ரூபாய்க்குப் பக்கம் கூடியிருந்தது. சென்னையில் லிட்டர் 110 ரூபாய் 85 காசு. டீக்கடையிலும் அதே பேச்சு. கூட்டிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாதம் 22 நாள், நாளைக்கு 60 கிலோமீட்டர், ஆக 1,320. “ஏசி போட்டா வண்டி பதினஞ்சுதான் தருது” என்றேன். அப்படியானால் 88 லிட்டர். லிட்டர் 110 என்று போட்டால் 9,680. நாலால் வகுத்தால் 2,420. “ரவுண்டா 2,500 வச்சுக்கலாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நாலு பேரில் என்னையும் ஒருவனாகச் சேர்த்துச் சொன்னதால் கேட்க நியாயமாகவே இருந்தது. பொய் இருந்தது மைலேஜில். டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோவாக்கி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்ப்பது என் பழக்கம். பங்க் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிவைப்பேன். ஏசியோடு இருபதுக்குக் கீழே வந்ததே இல்லை. உண்மையில் செலவான பெட்ரோல் 66 லிட்டர், 7,260 ரூபாய், தலைக்கு 1,815. நான் மூன்று பேரிடம் வாங்கியதோ 7,500. என் பயணம் மொத்தமும் இலவசம், அதற்கு மேல் கையில் 240 ரூபாய்.

மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியில் லிட்டருக்கு எட்டு ரூபாய் குறைத்தது. சென்னை விலை 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது. எங்கள் பக்கம் 103 என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 6,798. என் மிச்சம் 702 ரூபாயாக உயர்ந்தது. விலை ஏறியபோது கார் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தவன், இறங்கியபோது ஐபிஎல் பேசினேன். 2024 மார்ச்சில் இன்னும் இரண்டு ரூபாய் குறைந்தது. அப்போதும் பேச வேறு விஷயம் கிடைத்தது.

அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்த அந்த நாட்களில் கார் வாசலை விட்டு நகரவில்லை. ஆனாலும் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மூன்று 2,500-உம் வந்து விழுந்தன. மேடம் ஜிபேயில் பணம் அனுப்பும்போது ஒரு வரி எழுதுவார்: ‘பெட்ரோல். நன்றி சார்.’ பக்கத்தில் கை கூப்பிய பொம்மை. அந்த மாதமும் அதே வரி, அதே பொம்மை. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவருக்கு நான் செய்ததுதான் ரொம்ப மோசம். பாதி வழியில் ஏறுகிறவர் முழுப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். பயணத்தைத் துண்டாக்கி, அந்தந்தத் துண்டில் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் அந்தத் துண்டின் செலவைப் பிரித்துக்கொள்வதுதான் முறை. கல்யாணத்துக்கு வேன் பேசிப் போகிறவர்கள் நடுவழியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டால் இப்படித்தான் பிரிப்பார்கள். பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற லாயிட் ஷாப்லி 1953-இல் கொடுத்த பங்கீட்டு முறையை இதில் பொருத்தினாலும் இதே விடைதான் வருகிறது. மாதச் செலவு 6,798-இல் முதல் பாதியின் 3,399 ரூபாய் மூன்று பேருக்கு, தலைக்கு 1,133. இரண்டாம் பாதியின் 3,399 நாலு பேருக்கு, தலைக்கு 850. ஊரிலிருந்து வருகிற நாங்கள் மூவரும் ஆளுக்கு 1,983 தர வேண்டும். மேடம் தர வேண்டியது 850. அவரிடம் மட்டும் மாதம் 1,650 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. டயர் யார் காசு? ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ்? வருடத்துக்கு வருடம் வண்டியின் விலை இறங்குகிறதே, அது யார் தலையில்? நியாயமான கேள்விகள்தான். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. கூட வருகிறவர்களிடம் வண்டி ஓட்டும் செலவை வாங்கலாம், தேய்மானத்தையும் அதில் சேர்க்கலாம். ஆனால் செலவுக்கு மேல் போகக் கூடாது, பணத்தைப் பற்றிய ஏற்பாடு வண்டி கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டமும் 1988-ஆம் ஆண்டுதான். வாடகைக்கு ஆள் ஏற்ற பெர்மிட் வேண்டும் என்கிறது அது. சொந்தக் காருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பாலிசியும் வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். மாதாமாதம் மிச்சம் பிடித்த நான், வெள்ளை போர்டில் டாக்ஸி ஓட்டியிருக்கிறேன். வழியில் ஏதாவது நடந்திருந்தால் என் 702 ரூபாய்க்காக அவர்கள் நஷ்ட ஈட்டுக்கு அலைய நேர்ந்திருக்கலாம்.

தேய்மானத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்காததற்குக் காரணம், கேட்டால் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டினால் உபகாரம் செய்கிறவன் என்ற பேர் போய்விடும். எனக்குக் காசும் வேண்டியிருந்தது, “சார் புண்ணியத்துல நேரத்துக்கு வந்துடறோம்” என்கிற பேச்சும் வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி வைத்திருக்கிற ஊர்தான். ஆனாலும் அடுத்தவர் காரில் உட்கார்ந்துகொண்டு மைலேஜ் கேட்பதற்கு யாருக்கும் வாய் வராது. அவர்களுடைய அந்தக் கூச்சத்தைத்தான் நான் தின்றேன்.

ஒருநாள் மேடம், “சார், நாளைலேர்ந்து பஸ்லயே வந்துக்கறேன் சார், டைம் மாத்திக்கிட்டேன்” என்றார். 2021 மே முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இனாமாகப் போகக்கூடிய தூரத்துக்கு, கொஞ்சம் நேரம் மிச்சமாகும் என்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கொடுத்துவந்திருக்கிறார். அவர் இறங்கிப்போனதும் எனக்கு வந்த முதல் யோசனை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்: போன 2,500-ஐ மற்ற இருவர் தலையில் எப்படிக் கட்டுவது?

அதற்கு வாய் திறப்பதற்குள் பின்சீட்டுத் தம்பி கேட்டான். கார் வாங்குகிற யோசனையில் இருந்தான். “அண்ணே, இது என்ன மைலேஜ் குடுக்குது?” சொந்தக் காரைப் பற்றிக் கேட்டால் எந்த ஆணுக்கும் வருகிற பெருமை எனக்கும் வந்தது. “ஏசியோடயே இருபது, இருபத்தொண்ணு. தங்கமான வண்டிடா.” சொல்லி முடித்த பிறகுதான் பதினஞ்சு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் ‘ஓ’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்னப் பையன், வகுத்துப் பார்க்கத் தெரியாதவனா?

அன்று ராத்திரி பழைய ரசீதுகளை எடுத்துப் போட்டேன். மறுநாள் நேராக உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது, “பெட்ரோல் விலை குறைஞ்சிருக்கு, இனிமே 2,200 போதும்.” லிட்டர் 101 என்று போட்டு மூன்றால் வகுத்தால் 2,222 வருகிறது, ஆகவே தொகை சரி. காரணம்தான் பொய். பெரியவர் நன்றி சொன்னார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

மூவரிடமும் நான் அதிகமாக வாங்கியது மாதத்துக்குச் சுமார் 2,685, ஆண்டுக்கு முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மேடத்தின் பணம். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று கொஞ்ச காலம் இருந்தேன். அவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வந்த நல்ல எண்ணம் அது. டயருக்கும் தேய்மானத்துக்கும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமா என்றும் மனசு பேரம் பேசியது. முன்னால் சொல்லாத செலவைப் பின்னால் கழிக்க எனக்கு உரிமை கிடையாது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்க என் சம்பளத்தில் முடியாது. ஆகவே ரசீதுகளையும் கணக்கையும் மூவர் கையிலும் கொடுத்துவிட்டு, மாதத் தவணையாகத் தருகிறேன் என்று சொல்லப்போகிறேன். முதலில் மேடத்துக்கு. அவருக்குப் பாக்கி தீர்ந்த பிறகுதான் மற்ற இருவருக்கு.